ஏழு நிமிடம் ஐம்பத்தெட்டு வினாடி

1

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், ஃபேரர் பார்க் பக்கம் ஒரு சமூக மன்றத்தின் இரண்டாம் மாடியில், நாற்பது பேர் முன்னிலையில் என் மகள் என்னைப் பற்றிப் பேசினாள். பாராட்டிப் பேசவில்லை. அவள் எவ்வளவு நேரம் பேசுகிறாள் என்று கணக்குப் பார்க்கும் வேலை எனக்குத் தரப்பட்டிருந்தது. மேசைமேல் என் கைபேசி, அதில் ஓடும் கடிகாரம், பக்கத்தில் ஹோட்டல் வரவேற்பறையில் தட்டிக் கூப்பிடுவார்களே, அந்த மாதிரி ஒரு மணி. சிங்கப்பூருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் முடிந்த வாரம் அது. இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் மேடை அதுதான். மேடை என்றால் மேடைக்குக் கீழே, ஓரமாக.

ஊரில் இருக்கிற நண்பர்கள் சிரிப்பீர்கள். பாளையங்கோட்டைக் கல்லூரி விழாக்களில் மைக்கை விட மாட்டேன் என்று அடம்பிடித்தவன் நான். என்னை இறக்குவதற்காக மின்சாரத்தையே நிறுத்திய கதை உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவனை மணியடிக்க உட்கார வைத்தது எப்படி என்று சொல்ல வேண்டுமானால், கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

2

எனக்கு ஒரே பெண். பிறந்தபோது நான் வைத்த பெயர் செந்தமிழ்ச்செல்வி. ஆங்கிலத்தில் எழுதினால் பள்ளிக்கூடப் படிவத்தின் கட்டங்கள் போதாது. பாதியில் வெட்டித்தான் அவளுடைய முதல் அடையாள அட்டை வந்தது. வீட்டில் செல்வி. நண்பர்கள் முன்பாதியை எடுத்துக்கொண்டு ‘சென்’ என்று கூப்பிடுகிறார்கள். மலாய் மொழியில் சென் என்றால் காசு. நூறு சேர்ந்தால்தான் ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர். தமிழின் செல்வத்தை மகளுக்குச் சூட்டினேன் என்று நினைத்திருந்தேன். இந்த ஊர் அதைச் சில்லறையாக மாற்றிக் கையில் கொடுத்துவிட்டது.

இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. பாலிடெக்னிக்கில் மூன்றாம் ஆண்டு. ஆங்கில விவாதக் குழுவில் இரண்டு வருடமாக இருக்கிறாள். இந்த ஆண்டு கல்லூரிகளுக்கிடையே தமிழில் விவாதப் போட்டி நடத்துகிறார்கள் என்று தெரிந்ததும், அவளும் இரண்டு சிநேகிதிகளும் பெயர் கொடுத்தார்கள். என்னிடம் சொல்லவில்லை.

சொன்னவர் ஜமால் சார். வேறொரு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர். நாகூர்ப் பக்கத்துப் பூர்வீகம். ஆனால் தாத்தா காலத்திலேயே வந்து இங்கே இந்தியர் கடைகள் நிறைந்த தேக்கா பக்கம் துணிக்கடை போட்ட குடும்பம். நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் படிக்கிறவர்கள் கூடுகிற இடத்தில் பழக்கம். போட்டியை நடத்துகிறவர்களில் அவரும் ஒருவர்.

“அண்ணே, ஜட்ஜ் கெடைக்கவே மாட்டேங்கிறாங்க. நீங்க காலேஜ்ல பெரிய பேச்சாளர்னு நீங்களே பல தடவை சொல்லியிருக்கீங்க. வாங்களேன்” என்றார்.

அந்த ‘நீங்களே’வை நான் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் எங்கள் பேட்டையான செங்காங்கில் எல்ஆர்டி குட்டி ரயிலுக்காக நிற்கும்போது மகளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் காதிலிருந்து ஒரு பக்கக் கருவியை மட்டும் கழற்றினாள்.

“அப்பா, ப்ளீஸ். வேற யாருக்கு வேணாலும் ஜட்ஜா போங்க.”

“ஏன், நான் பாரபட்சம் பாப்பேன்னு நினைக்கிறியா?”

“இல்லப்பா. நீங்க ரூல்ஸ் பாக்க மாட்டீங்க.”

வண்டி வந்தது. கருவி திரும்பக் காதுக்குள் போயிற்று.

3

அவள் சொன்னதில் உண்மை இருந்தது. என் காலத்துக் கல்லூரியில் விவாதம் என்றால் தலைப்பு ஒரு மாதம் முன்பே வந்துவிடும். ‘வாழ்வை உயர்த்துவது அறிவா, அன்பா?’ அன்பு பக்கம் கைதட்டல் அதிகம் என்று தெரிந்தால் அன்பு பக்கம் பெயர் கொடுப்போம். நடுவர் முதல் இருபது நிமிடம் தன் ரயில் பயணத்தைப் பற்றிப் பேசுவார். நாங்கள் எதுகையும் மோனையும் இரண்டு சட்டைப்பையிலும் நிரப்பிக்கொண்டு வருவோம். எதிரணி சொன்னதற்குப் பதில் சொல்வதெல்லாம் கிடையாது. எதிரணி என்ன சொன்னது என்று கேட்டால்தானே? கடைசியில் நடுவர், அன்பில்லாத அறிவும் வீண், அறிவில்லாத அன்பும் வீண் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, போக்குவரத்துச் செலவை வாங்கிக்கொண்டு போய்விடுவார். எனக்கு அப்படி ஒருமுறை எவர்சில்வர் டிபன் கேரியர் பரிசாகக் கிடைத்தது.

இங்கே விதிகளைப் பற்றி நடுவர்களுக்கு அரைநாள் வகுப்பு வைத்தார்கள். ஜமால் சார்தான் நடத்தினார். நாடாளுமன்ற முறை என்று பெயர். அணிக்கு மூன்று பேர். ஆங்கிலப் போட்டிகளில் ஒரே அறையில் நான்கு அணிகள் மோதிக்கொள்கிற இன்னொரு முறையும் உண்டாம். அது தமிழுக்கு இன்னும் வரவில்லை என்றார். இரண்டு அணிக்கே ஆள் சேர்ப்பது கஷ்டம்.

தலைப்பு, பேசுவதற்கு அரை மணி நேரம் முன்புதான் தெரியும். எந்தப் பக்கம் பேசுவது என்பதைக் காசு சுண்டிப் பார்ப்பார்கள். உங்கள் சொந்தக் கருத்து என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு பக்கம் ஆளுந்தரப்பு. அதில் முதலில் பேசுகிறவர் பிரதமர், அடுத்தவர் துணைப் பிரதமர். இன்னொரு பக்கம் எதிர்த்தரப்பு. ஒவ்வொருவருக்கும் ஏழு நிமிடம். முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் யாரும் குறுக்கிடக் கூடாது. இடையில் மறுபக்கத்து அணியினர் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். பேசுகிறவர் விரும்பினால் ஏற்கலாம், இல்லையென்றால் கையை அசைத்து உட்காரச் சொல்லலாம். எழுந்தவர் உட்கார்ந்துவிட வேண்டும். உட்கார்ந்துவிடுகிறார்கள், அதுதான் ஆச்சரியம்.

நடுவருக்கும் விதி உண்டு. நாள்தோறும் செய்தித்தாள் படிக்கிற ஒரு சாதாரணக் குடிமகனாகத் தன்னை நினைத்துக்கொள்ள வேண்டும். தனக்குத் தெரிந்த விஷயம், தன் ரசனை, தன் அனுபவம் எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது.

“அப்ப எதுக்கு எங்களைக் கூப்பிட்டீங்க?” என்று கேட்டேன்.

“அதான் அண்ணே கஷ்டம்” என்றார் ஜமால் சார்.

4

மாதிரிப் பேச்சுகள் ஐந்தின் ஒலிப்பதிவைப் போட்டு மதிப்பெண் போடச் சொன்னார்கள். சராசரிப் பேச்சுக்கு எழுபத்தைந்து. எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாது, எண்பதுக்கு மேலே ஏறக் கூடாது. மனிதத் திறமையின் மொத்த வீச்சும் அந்தப் பத்து மதிப்பெண்ணுக்குள் அடங்கிவிட வேண்டும்.

ஒரு பையன், ‘வானம் அழுதால் மழை, மானுடம் அழுதால் புரட்சி’ என்று தொடங்கினான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. தொண்ணூற்றைந்து போட்டேன். ஒரு பெண் குப்பைத்தொட்டிகளைப் பற்றி நான்கு காரணங்கள் சொல்லி, “அவ்ளோதான் லா” என்று இந்த ஊர் வாலையும் ஒட்டி முடித்தாள். நாற்பது போட்டேன்.

தாள்களைத் திருத்தியவர் சித்ரா. அவர்தான் நடுவர் குழுத் தலைவர். இங்கேயே பிறந்து வளர்ந்த வழக்கறிஞர். என் தாளை எடுத்துக்கொண்டு தனியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சார், அந்தப் பையன் தலைப்பைப் பத்தி ஒண்ணுமே பேசல. கவனிச்சீங்களா?”

நான் கவனிக்கவில்லை. தலைப்பு குப்பையை வீட்டிலேயே தரம் பிரிப்பது பற்றி.

அதோடு ஒரு படிவமும் இருந்தது. இந்த நாட்டில் படிவம் எனக்குப் புதிதில்லை. குடியுரிமை வாங்காமல் நிரந்தரவாசியாக இருந்துகொண்டு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுநுழைவு அனுமதியைப் புதுப்பிக்கிறவன், படிவத்தின் மேல் கோபப்படுகிற வயதையெல்லாம் தாண்டிவிடுவான். இதன் பெயர் நல முரண் அறிக்கை. போட்டியாளர்களில் உறவினர் உண்டா? உண்டு. உறவு? தந்தை. முரணின் தன்மையை விளக்குக. நான் நேர்மையாகவே எழுதினேன்: ‘பதினான்கு வயதிலிருந்து எல்லா விஷயத்திலும்.’

ஜமால் சார் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அண்ணே, தப்பா நினைக்காதீங்க. டைம்கீப்பருக்கு ஆள் இல்ல. அந்த வேலைக்கு நல முரண் கிடையாது. மணி அடிக்கிறதுல என்ன பாரபட்சம் இருக்க முடியும்?”

அவர் அதை நம்பித்தான் சொன்னார். நானும் நம்பினேன்.

5

மகளின் அணி இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டது. முந்தைய சுற்றுகளில் வேறு அறைகளில் மணியடித்துக்கொண்டிருந்ததால் அவள் பேசியதை நான் கேட்கவில்லை. இறுதிச் சுற்றுக்கு ஒரே அறைதான். மணிக்காரனும் ஒருவன்தான்.

தலைப்பைத் திரையில் போட்டார்கள்: ‘பெற்றோரின் சொந்த ஊரைத் தம் ஊராகக் கருதும்படி புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளை வற்புறுத்துவதை இந்த அவை எதிர்க்கிறது.’ காசு சுண்டினார்கள். மகளின் அணிக்கு ஆளுந்தரப்பு விழுந்தது. நிரந்தரவாசியின் மகள் ஏழு நிமிடத்துக்குத் துணைப் பிரதமர்.

அவள் எழுந்து ஒலிபெருக்கி அருகே வந்தபோது என்னைப் பார்க்கவில்லை. கடிகாரத்தை ஓடவிட்டேன்.

முதல் மூன்று நிமிடம் நல்ல மேடைத் தமிழ். பற்று என்பது கட்டளையிட்டு வருவதல்ல என்றாள். பெற்றோர் காட்டும் ஊர் இப்போது இருக்கும் ஊரும் அல்ல என்றாள். “என் தந்தையின் திருநெல்வேலி, அவர் விமானம் ஏறிய நாளோடு நின்றுவிட்டது. சென்ற முறை சென்றபோது அவருக்கே வழி தெரியவில்லை. ஊரை மாற்றிவிட்டதாக ஆட்டோ ஓட்டுநரிடம் சண்டையிட்டார்.” அவை சிரித்தது. நானும் சிரித்தேன். மணிக்காரன் சிரிக்கலாமா என்று விதியில் இல்லை.

எதிர்த்தரப்பில் ஒரு மாணவன் எழுந்து நின்றான். அவள் தலையசைத்து ஏற்றுக்கொண்டாள்.

“உங்கள் தந்தை வற்புறுத்தாமல் இருந்திருந்தால், இன்று இந்த அவையில் தமிழில் பேசிக்கொண்டிருப்பீர்களா?”

நல்ல கேள்வி. எனக்காக ஒருவன் எழுந்து கேட்டதே போதும் என்றிருந்தது. அவள் கையிலிருந்த குறிப்புத்தாளை மடித்தாள். பிறகு மேடைத் தமிழை விட்டுவிட்டாள்.

“இல்ல. பேசியிருக்க மாட்டேன். எப்படிப் பேச வெச்சாங்கன்னு சொல்றேன். எனக்கு அப்ப எட்டு வயசு. திருநெல்வேலியில சொந்தக்காரங்க கல்யாணம். பெரியப்பா டவுன்ல இருந்து பஸ்ல வந்தாங்க. நான் ஜன்னல்ல இருந்து பாத்துட்டு உள்ள ஓடிப் போயி, எல்லார்கிட்டயும் சொன்னேன். ‘பெரியப்பா பஸ்ஸை விட்டு இறந்துட்டாங்க!’”

அறை வெடித்தது. நடுவர்களும் சிரித்துவிட்டார்கள். அவள் அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

“இறங்கிட்டாங்கன்னு சொல்லணும். எனக்கு அந்த வித்தியாசம் தெரியல. இப்ப நீங்க சிரிச்ச மாதிரிதான் அங்கயும் சிரிச்சாங்க. ஓகே, சின்னப் பிள்ளை, தப்பா சொன்னா சிரிப்பாங்க. ஆனா சமையல்கட்டுல இருந்தவங்க என்ன என்னன்னு வந்தாங்க. எங்கப்பா என்னைத் தூக்கி நாற்காலி மேல நிக்க வெச்சு, ‘இன்னொரு தடவை சொல்லு’ன்னாரு. சொன்னேன். அப்புறம் மாடியில இருந்து ஆளுங்க வந்தாங்க. ‘இன்னொரு தடவை சொல்லு.’ அன்னைக்கு நாலு தடவை சொன்னேன். மூணாவது தடவையே எனக்குத் தெரிஞ்சிருச்சு, நான் ஏதோ தப்பாச் சொல்றேன்னு. என்ன தப்புன்னு யாரும் சொல்லல.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அந்த ஊருக்குப் போனா நான் தலையாட்டுவேன், பேச மாட்டேன். பிள்ளைக்குத் தமிழ் வரலன்னு அப்பா வருத்தப்பட்டு டியூஷன் வெச்சாரு.”

ஆறாவது நிமிடத்துக்கு ஒருமுறை தட்டினேன். அது நினைவிருக்கிறது. அந்தப் பஸ் கதை எனக்கு நன்றாகத் தெரிந்த கதை. தீபாவளி விருந்துகளில், அலுவலக நண்பர்கள் வீட்டில், எத்தனையோ முறை நானே சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். நான் சொல்கிற கதையில் நாற்காலி இல்லை. ‘இன்னொரு தடவை சொல்லு’ இல்லை. நான் பொய் சொல்லி மறைத்ததல்ல. எனக்கு அவை நினைவிலேயே இல்லை.

ஏழாவது நிமிடத்துக்கு இரண்டு முறை தட்ட வேண்டும். மேற்கொண்டு பதினைந்து வினாடி சலுகை. அதற்குப் பிறகு விடாமல் தட்ட வேண்டும். கடிகாரம் என் கண்ணெதிரேதான் ஓடியது. அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

“இதுல இன்னொண்ணு இருக்கு. அப்பா இங்க வந்த புதுசுல ஒரு இன்டர்வியூவுக்குப் போனாராம். ‘பாளையங்கோட்டையில பாஸ் அவுட் ஆனேன்’னு இங்கிலீஷ்ல சொன்னாராம். நம்ம ஊர்ல அதுக்குப் படிச்சு முடிச்சேன்னு அர்த்தம். இங்க மயக்கம் போட்டு விழுந்தேன்னு அர்த்தம். மூணு பேர் விழுந்து விழுந்து சிரிச்சிருக்காங்க. ‘எத்தனை மணி நேரம்?’னு கேட்டாங்களாம். அம்மாகிட்ட சொல்லிட்டு இருந்ததை நான் கேட்டிருக்கேன். அவரைப் பாத்து இங்க சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பை அவர் ஊருக்குக் கொண்டு போயி எங்கிட்ட இறக்கி வெச்சிட்டாரு. தெரிஞ்சு செய்யல. எனக்கு அவர் மேல கோவம் இல்ல. ஆனா அதை நான் அடுத்த பிள்ளைக்குக் குடுக்கப் போறதில்ல. அதனாலதான் இந்தத் தலைப்பை ஆதரிக்கிறேன்.”

அவள் போய் உட்கார்ந்தாள். கைதட்டினார்கள். எதிர்த்தரப்பு மாணவன் எழுந்தான், மிகவும் பணிவாக.

“தலைவர் அவர்களே, ஏழாவது நிமிட மணி ஒலிக்கவில்லை. பேச்சாளர் எத்தனை நிமிடம் பேசினார் என்று தெரிந்துகொள்ளலாமா?”

நாற்பது தலைகளும் என் பக்கம் திரும்பின. அவளும் திரும்பினாள்.

6

பத்து நிமிடம் இடைவேளை விட்டார்கள். ஜமால் சார் என் தோளில் கைபோட்டு, அறைக்கு வெளியே தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார்.

“என்ன அண்ணே ஆச்சு? போன் ஹேங் ஆயிடுச்சா? சில நேரம் ஆகும். எனக்கே ஆயிருக்கு.” கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். “ஆச்சுன்னா ஆச்சுன்னு சொல்லுங்க. டைம் தெரியலன்னா, பேசினது முழுசும் கணக்குல வரும். ரூல் அப்படித்தான்.”

அவர் எனக்குக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்கிறார் என்று புரிந்தது. உள்ளே நுழைந்தால் மகளுக்கு நல்லது. எனக்கு இன்னும் நல்லது. ஏனென்றால் ஏழு நிமிடம் பதினைந்து வினாடி வரை அவள் சொன்னதில் நான் ஒரு வில்லன். எனக்குச் சாதகமாக அவள் சொன்ன ஒரே விஷயம் அதற்கு அப்புறம்தான் வந்தது. நேரம் முடிந்த பிறகு பேசியதை வெட்டினால், வெட்டுப்படுவது அதுதான்.

கைபேசியைப் பார்த்தேன். அவள் உட்கார்ந்ததும் என் விரல் தானாகவே கடிகாரத்தை நிறுத்தியிருந்தது.

“ஹேங் ஆகல சார். ஏழு நிமிஷம் ஐம்பத்தெட்டு வினாடி. நான் கேட்டுக்கிட்டு உக்காந்துட்டேன். தப்பு என் மேல.”

ஜமால் சார் என் தோளிலிருந்து கையை எடுத்தார். “சரி. சித்ராகிட்ட சொல்லிடுறேன்” என்றார்.

சலுகை நேரத்துக்குப் பிறகான நாற்பத்து மூன்று வினாடிகளைக் கணக்கில் எடுப்பதில்லை என்று முடிவானது. விவாதம் தொடர்ந்தது. மீதிப் பேச்சாளர்களுக்கு ஜமால் சாரே மணியடித்தார். இரண்டு நடுவர் எதிர்த்தரப்புக்கும் ஒருவர் ஆளுந்தரப்புக்கும் வாக்களித்தார்கள். மகளின் அணி தோற்றது.

காரணங்களைச் சித்ரா விளக்கினார். நிதானமாக, நியாயமாகத்தான் பேசினார். “ஆளுந்தரப்பின் இரண்டாம் பேச்சாளர் தந்தையின் பாத்திரத்தை ஒருதலையாகவே காட்டினார். அவர் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்ற மறுபக்கத்தை ஆராய்ந்திருந்தால் வாதம் இன்னும் வலுப்பெற்றிருக்கும்.”

விதிப்படி, அவர் காதில் மறுபக்கம் விழவே இல்லை.

7

சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நானும் மகளும் தேக்கா நிலையத்துக் கடைத்தொகுதியை நோக்கி நடந்தோம். வார இறுதிக் கூட்டம். பூக்கடைகளையும் கைபேசிக் கடைகளையும் தாண்டி ஒரு சைவ உணவகத்தில் இடம் கிடைத்தது. அவள் மசால் தோசையைப் பிய்த்தாளே தவிர சாப்பிடவில்லை.

“பெல் ஏன் அடிக்கல?”

“கேட்டுக்கிட்டு இருந்துட்டேன்ம்மா.”

“போன் ஹேங் ஆச்சான்னு உங்ககிட்ட கேட்டதா ஜமால் சார் சொன்னாரு. ஆமான்னு சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பீங்களோ?”

“ஜெயிச்சிருப்போம்.” கொஞ்சம் யோசித்தாள். “ஆனா அப்புறம் எனக்கு அந்த கப்பைப் பாக்கவே பிடிச்சிருக்காது. நீங்க சொன்னது கரெக்ட்தான். கடுப்பா இருக்கு, அவ்ளோதான்.”

எனக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. ‘போட்டிக்காகப் பேசினியா, நிஜமாகவே அப்படியா?’ கேட்டேன்.

“டாஸ்ல கவர்மென்ட் விழுந்துச்சு. பேசினேன். ஆப்போசிஷன் விழுந்திருந்தா, ஊருக்குப் போனது எனக்கு எவ்ளோ நல்லதுன்னு பேசியிருப்பேன்.”

“அதுவும் நிஜமா?”

“ரெண்டும்தான்ப்பா. அதுக்குத்தானே டாஸ் போடுறாங்க.”

முப்பது வருடத்துக்கு முன்னால் அறிவுக்கும் அன்புக்கும் நடுவே அத்தனை தொண்டை கிழியக் கத்தினோமே, ஒருவனுக்காவது இது தோன்றியதா?

“செல்வி, அந்த நாற்காலி எனக்கு ஞாபகமே இல்ல. இன்னொரு தடவை சொல்லுன்னு கேட்டதும் ஞாபகம் இல்ல. இல்லாததுதான் எனக்கு அசிங்கமா இருக்கு. மன்னிச்சிரு.”

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, “ஓகே லா” என்றாள். பிறகு, “சட்னி வேணுமா உங்களுக்கு?” என்று தன் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். எனக்குத் தேங்காய்ச் சட்னி ஒத்துக்கொள்ளாது. முழுவதையும் சாப்பிட்டேன்.

8

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரிலிருந்து அண்ணன் வீடியோவில் கூப்பிடுவார். பஸ்ஸை விட்டு இறங்கிய அதே பெரியப்பா. பதினொரு வருடமாக அவருடைய தொடக்க வாக்கியம் ஒன்றுதான். அந்த ஞாயிறும் தொடங்கினார்.

“ஏல, பிள்ளை எங்க? பஸ்ஸ விட்டு இறந்த பெரியப்பா வந்திருக்கேன்னு சொல்லு!”

வழக்கமாக நான் சிரிப்பேன். அண்ணியும் பின்னாலிருந்து சிரிப்பாள்.

“அண்ணே, இனிமே அதைச் சொல்லாதீங்க.”

“எதை?”

“அந்தப் பஸ் கதையை.”

திரையில் அவர் முகம் அப்படியே நின்றது. இணையம்தான் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, கண் சிமிட்டினார்.

“ஏன்ல? பிள்ளை வருத்தப்படுதாளா?”

“ஆமா.”

“என்னைக்கிருந்து?”

“அன்னைக்கிருந்து.”

“இத்தனை வருசம் நீயும்தானல கூடச் சேந்து சிரிச்ச?” என்றார். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் மூன்று ஞாயிறு கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் அண்ணி எடுத்து, “அவுக வெளிய போயிருக்காக” என்றாள். அவள் அதைச் சொல்லும்போது பின்னால் அவர் இருமுவது கேட்டது. என் மனைவி, “ஒரு வார்த்தை பதமா சொல்லியிருக்கலாம்” என்றாள். பதமாகப் பேசுவதற்கு எனக்கு யாரும் பரிசு கொடுத்ததில்லை.

நான்காவது ஞாயிறு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வரவேற்பறையில் மகளின் குரல் கேட்டது. முதலில் யாரோ சிநேகிதி என்று நினைத்தேன். தமிழில் பேசியதால் சந்தேகம் வந்து, குழாயைச் சற்று மூடினேன்.

“இல்ல பெரியப்பா, நம்ம என்ன நினைக்கிறோம்ங்கிறது முக்கியம் இல்ல. டாஸ்ல எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் பேசணும்.”

“அதெப்படி முடியும்? மனசுல ஒண்ணு வச்சிக்கிட்டு வாயில ஒண்ணு பேசுததுக்குப் பேரு விவாதமா? எங்க ஊர்ல அதுக்குப் பேரு வேற.”

“சரி, உங்களுக்கு ஒரு தலைப்பு தரேன். நீங்க பேசுங்க. ஏழு நிமிஷம்.”

“ஏழு நிமிசத்துல நான் தொண்டையையே செருமி முடிக்க மாட்டேன், பிள்ளை.”

அவளே கூப்பிட்டிருக்கிறாள். எப்போது முடிவெடுத்தாள், என்ன சொல்லித் தொடங்கினாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. பேச்சில் அவள் ஓரிடத்தில் ‘பழம்’ என்பதற்குப் ‘பலம்’ என்றாள். நான் கையைத் துடைத்துக்கொண்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. “நாக்கை இன்னும் கொஞ்சம் உள்ள மடி. ழ. ம்... அதான்” என்றார். அவள் திருத்திச் சொன்னாள். சற்று நேரத்தில் அவர் ‘ஆப்பசிசன்’ என்றபோது அவளும் அதே மாதிரி திருத்தினாள். அவர் மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு, எதிர்க்கட்சி என்றே வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்.

அரைமணி நேரம் ஓடியது. நான் துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அண்ணன் கேட்டது காதில் விழுந்தது.

“உங்க அப்பன் வீட்டுல இருக்கானா?”

“இருக்காங்க பெரியப்பா. குடுக்கவா?”

அண்ணன் இருமுவது கேட்டது.

“வேண்டாம். நீயே பேசு.”